சும்மா மணி

ஊசிப்பாறையில் நாலு மணி இரண்டு தடவை அடிக்கும். முதல் நாலு மணி உலகத்துக்கெல்லாம் பொதுவானது. இரண்டாவது நாலு மணி ஊசிப்பாறைக்கு மட்டுமே உரியது. இரண்டுக்கும் நடுவே, பஞ்சாங்கத்தில் சேராமலும் சர்க்கார் காலண்டரில் ஏறாமலும், ஒரு முழு மணி நேரம் மேய்ப்பாரில்லாத ஆடு மாதிரி ஊருக்குள் நின்றுகொண்டிருக்கும். அது முதன்முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எதனால் வந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வாட்ச் கம்பெனி முதலாளி திருமேனி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். ஊரூராகக் கடிகாரம் செய்து அனுப்புகிற தன் ஊரிலேயே இப்படி ஒன்று நடந்துவிட்டதே என்ற கூச்சம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

திருமேனி அந்த ஊரில் பிறந்து, தாய் தகப்பனைச் சின்ன வயசில் இழந்து, தன்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன் சுடலைக்கண்ணுவின் தோளில் வளர்ந்தவர். அண்ணனுக்கு ஒரு ஜோடி மாடும் வானம் பார்த்த மிளகாய்க் காடும் இருந்தன. தம்பிக்கு எதைப் பார்த்தாலும் கழற்றி மாட்டுகிற கை இருந்தது. பத்தொன்பது வயதில் பம்பாய்க்கு ரயிலேறி, வாட்ச் ரிப்பேர்க் கடையில் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பதினாலு வருஷம் குனிந்திருந்தார். அத்தனை வருஷமும் ஒரு நாள்கூடக் கனவில் கடலைக் காணவில்லை. கனவில் வந்ததெல்லாம் ஊசி மாதிரி ஒற்றையாக நிற்கும் பாறையும், அதன் கீழே வருஷத்தில் ஏழு மாதம் காய்ந்து கிடக்கும் கண்மாயும்தான்.

பிறகு கிர்தர்லால் என்ற குஜராத்திக்காரரோடு கூட்டுச் சேர்ந்து சொந்தமாகக் கைக்கடிகாரம் செய்யலாம் என்று முடிவானபோது, கிர்தர்லால் பூனாவில் வைக்கலாம் என்றார், பெங்களூரில் வைக்கலாம் என்றார். திருமேனி ஊசிப்பாறை என்ற ஒரே சொல்லைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. இந்தப் பொட்டல் காட்டில் யார் வேலை செய்வார்கள் என்று கிர்தர்லால் நேரில் வந்து கேட்டபோது, ஒரு வீட்டு வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்ணின் முறத்திலிருந்து இருபது பீடியை எடுத்து, நகை நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். இருபதும் ஒரே எடை. முடியைவிட மெல்லிய சுருள்கம்பியை இடம் தவறாமல் உட்கார வைக்க இதைவிடப் பக்குவமான விரல் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார்.

அப்படித்தான் அறுநூறு பெண்கள் பீடி முறத்தை வைத்துவிட்டு வாட்ச் கம்பெனிக்குப் போனார்கள். செய்த ஒவ்வொரு வாட்சிலும் ஆறாம் எண்ணுக்குக் கீழே, லென்ஸ் வைத்தால் மட்டுமே தெரிகிற எழுத்தில், ஊசிப்பாறை என்று பொறித்திருந்தது. ரோடு வந்தது, தாமிரபரணித் தண்ணீர் வந்தது, பெண்பிள்ளைகளுக்கு ஹைஸ்கூல் வந்தது. வெளியூர் போனால் மூன்றாம் நாள் திருமேனிக்குச் சோறு இறங்காது. பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவர்கள்போல ஊரைப் பற்றிப் பேசுவார்.

ஆனால் கம்பெனி திறந்த அன்றைக்கே ஒரு தப்பு நடந்துபோனது. மந்திரி வந்திருந்தார், பந்தல் நிறைய பெரிய மனிதர்கள். கம்பெனிக்குத் தன் நிலத்தில் பாதியைச் சந்தோஷமாக விட்டுக்கொடுத்த சுடலைக்கண்ணு, விருந்தாளிகள் சாப்பிடட்டும் என்று நாலு குலை நுங்கை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சட்டையில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். வெளியூர்க் காவல்காரன் ஆள் தெரியாமல் கேட்டில் மறித்தான். மேடையிலிருந்த திருமேனி அதைப் பார்த்தார். மந்திரியின் பக்கத்திலிருந்து எப்படி எழுந்து போவது, பேசி முடித்ததும் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பிறந்த மண்ணைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார், பேசும்போது அவருக்கே கண் கலங்கியது. இறங்கி வந்தபோது கேட் ஓரத்தில் நுங்குக் குலை மட்டும் கிடந்தது.

அன்று சாயங்காலம் நடுத்தெருவில் நின்று சுடலைக்கண்ணு சொன்னது ஊருக்கே தெரியும். "இருவத்திநாலு மணி நேரத்துல எந்த மணியிலயும் இனி அவங்கூட எனக்குப் பேச்சு கெடையாது."

ஒன்பது வருஷம் சொன்னபடியே இருந்தார். திருமேனி மூன்று தடவை வீட்டுக்குப் போனார். மூன்று தடவையும் சுடலைக்கண்ணு மாட்டிடம் பேசிக்கொண்டிருந்தார். திருமேனியின் மனைவி உலகம்மாள் மட்டும் மனம் தளராமல் வெள்ளிக்கிழமைதோறும் மீன்குழம்பு கொடுத்தனுப்புவாள். அவளுக்கு அத்தான் முறையான சுடலைக்கண்ணு சாப்பிட்டுவிட்டுத் தூக்குவாளியைக் கழுவித் திருப்பி அனுப்புவார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அதற்குப் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. கம்பெனிக் கோபுரத்துக் கடிகாரம் நாலு அடித்தது. வெயில் அதே சாய்வில் நின்றுவிட்டது. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் சங்கரன்கோயில் பஸ் புழுதியைக் கிளப்பியபடியே, புழுதியும் விழாமல் பஸ்ஸும் நகராமல் நின்றது. அதற்கு மேலே ஒரு கொக்கு இறக்கையை விரித்தபடி வானத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் மட்டும் அடுப்பு எரிந்தது, கோழி மேய்ந்தது, பால் பொங்கியது. ஒரு மணி நேரம் கழித்துக் கோபுரத்தில் மறுபடியும் நாலு அடித்ததும் புழுதி விழுந்தது, கொக்கு போனது, பஸ் உள்ளே வந்தது, கண்டக்டர் ஒன்றும் அறியாதவராக விசிலடித்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஊர் மூன்று நாள் அதைப் பற்றிப் பேசியது. நாலாம் நாள் அதற்குச் சும்மா மணி என்று பேர் வைத்துவிட்டுத் தன் சோலியைப் பார்த்தது. அந்த மணிக்கு ராகுகாலமும் கிடையாது எமகண்டமும் கிடையாது, எனவே நல்ல நேரமும் கிடையாது, சாமியும் சும்மா இருக்கட்டும் என்று பூசாரி நடையைச் சாத்தினார். தன் டைரியில் அப்படி ஒரு மணிக்குக் கோடு போடவில்லை, எனவே அதில் நடக்கிற அடிதடியைத் தன்னிடம் கொண்டுவரக் கூடாது என்று ஏட்டையா சொன்னார். போலீஸ் இல்லாத நேரத்தில் அடித்துக்கொண்டால் யார் விலக்குவது என்ற பயத்திலேயே அடிதடி நின்றுபோனது. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்குப் பதினொரு நாள் முன்னாலேயே ஊரில் பிள்ளைகள் பிறக்கின்றன என்று நர்ஸம்மா கண்டுபிடித்து, தாய்மார்களிடம் அதற்குத் தகுந்த மாதிரி துணிமணிகளை எடுத்து வைக்கச் சொன்னார். நாலு மணிக்கு ஊருக்குள் நிற்கிறபடி வந்து சேரும் பஸ்ஸுக்கு டிரைவர்கள் போட்டி போட்டார்கள், ஒரு மணி நேரம் கால் நீட்டித் தூங்கலாம் அல்லவா. இந்த ஊரில் இருபத்துநாலு வருஷம் இருந்தால் ஒரு வருஷம் கூடுதலாகக் கிழடு தட்டிவிடும் என்று யாரோ சொன்னதற்கு, அந்த ஒரு வருஷம் சும்மா இருந்த வருஷம், அது முகத்தில் தெரியாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

திருமேனிக்குத்தான் பொறுக்கவில்லை. கோபுரத்துக் கடிகாரம் தானாகவே நாலுக்குத் திரும்பிவிட, மாதத்துக்கு அரை நிமிஷம்கூடப் பிசகாது என்று பேர் வாங்கிய வாட்ச், உலகத்தில் ஊசிப்பாறை என்ற ஒரே ஊரில் தினம் ஒரு மணி நேரம் முந்தி ஓடியது. இரண்டாவது நாலு அடித்ததும் ஊர் ஜனம் மொத்தமும் சாவியை இழுத்து முள்ளை ஒரு சுற்றுப் பின்னால் தள்ளுவதைப் பார்க்க அவருக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு வாரம் எல்லாக் கடிகாரத்தையும் பிரித்துப் பார்த்தார். கடிகாரங்கள் சரியாகத்தான் இருந்தன.

கம்பெனியில் முதல் நாளே ஒன்று நடந்தது. சுடலைக்கண்ணுவின் மகள் இசக்கியம்மாளும் அங்கேதான் வேலை பார்த்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சில்லை என்பதற்காக வேலையை விடுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அவள்தான் முதலில் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தவள். ஷிப்ட் எட்டிலிருந்து ஐந்து, இது நாலுக்கும் நாலுக்கும் நடுவில் இருக்கிறது, இது ஷிப்டில் சேராது என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். அறுநூறு பேரும் பின்னால் போனார்கள். போய் என்ன செய்தார்கள் என்றால், ஒன்றும் செய்யவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பகலில் ஒரு நாளும் படுத்தறியாதவர்கள் படுத்தார்கள். சிலர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யாரைப் பற்றியும் இல்லாமல் சிரித்தார்கள். சும்மா மணியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்ட புருஷன்மார்களுக்குப் பானை இருக்கிற இடம் காட்டப்பட்டது.

இன்னொன்றும் மெல்ல மெல்ல நடந்தது. பகையாளிகள் பேச ஆரம்பித்தார்கள். வாய்க்கால் தகராறில் பதினேழு வருஷம் முகம் பார்க்காத இரண்டு பங்காளிகள் ஒரு நாள் நாலு மணிக்கு டீக்கடையில் அடுத்தடுத்து உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள், இரண்டாவது நாலு அடித்ததும் எழுந்து பழையபடி பகையாளிகளாக வீட்டுக்குப் போனார்கள். இருபத்துநாலு மணியில் சேராத மணியாதலால் வைராக்கியத்துக்குப் பங்கமில்லை என்று ஊர் ஒப்புக்கொண்டது. அதைக் கேட்ட நாளிலிருந்து உலகம்மாள் புருஷனைப் பிடுங்கி எடுத்தாள். அத்தான் சொன்ன சொல்லில் அந்த மணி அடங்காது, ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள் என்றாள். திருமேனி நாளைக்கு, நாளைக்கு என்றார். போய் நின்றால் அண்ணன் அப்போதும் மாட்டிடம்தான் பேசுவாரோ என்ற பயம். இருபத்துநாலு மணி நேரம் பேசாதவரை அதற்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்தைந்தாவது மணியிலும் பேசாவிட்டால் அப்புறம் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் சுடலைக்கண்ணுவும் வரவில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்போது கிர்தர்லால் வந்தார். சும்மா மணிக்குள் அகப்பட்டு, வேலையாட்கள் எல்லாம் மரத்தடியில் கிடப்பதைக் கண்டு, விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றே திருமேனியை உட்கார வைத்துப் பேசினார். வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, இரண்டாவது கம்பெனி கட்டினால்தான் முடியும். அதையும் ஊசிப்பாறையிலேயே கட்டலாம், நானூறு பேருக்கு வேலை. ஆனால் அதுவரை இந்த மணியில் மெஷின் ஓட வேண்டும், இல்லையென்றால் ஓசூரில் கட்டிவிடுவேன் என்றார். ஊருக்கு இன்னும் நானூறு வேலை என்றதும் திருமேனிக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. சரி என்றார். கோபுரத்தில் நாலு அடித்த பிறகும் மெஷின் ஓட ஆரம்பித்தது.

யாரும் கொடி பிடிக்கவில்லை. கூடுதல் கூலியை வேண்டாமென்று சொல்கிற வீடு அந்த ஊரில் இல்லை. பெண்கள் வந்தார்கள், குனிந்தார்கள், நகராத வெயிலில் ஒரு மணி நேரம் சுருள்கம்பி பொருத்தினார்கள். ஒரே ஒரு மாதம்தான் அப்படி நடந்தது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் டீக்கடைப் பங்காளிகள் மறுபடி தனித்தனி பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். ஊர் பாதி காலியாகக் கிடக்கும்போது சும்மா இருக்க யாருக்கும் கூசியது.

முப்பத்தோராவது நாள், சும்மா மணியில், சுடலைக்கண்ணு சட்டையில்லாமல் கம்பெனி கேட்டில் வந்து நின்றார். காவல்காரன் மேலே ஓடினான். திருமேனி படியில் செருப்பை விட்டுவிட்டு இறங்கி வந்து, உள்ளே வாங்கண்ணே என்றார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள வரதுக்கு வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். "எம் மவ காலம்பற இருட்டோட எந்திரிச்சு ஆக்கி வச்சிட்டு ஓடுதா. வந்தா மாடு, தண்ணி, அடுப்பு. இந்த ஒரு மணிதான் எங்கிட்ட உக்காந்து பேப்பர் வாசிச்சுக் காட்டுவா. அவ மொகத்த வெளிச்சத்துல நான் பாக்குறது அப்பம் மட்டுந்தான்டே."

திருமேனி, இரண்டாவது கம்பெனி வந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கு நானூறு வேலை என்று ஆரம்பித்தார். சுடலைக்கண்ணு கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரோடு குடுத்தே. தண்ணி குடுத்தே. பள்ளிக்கூடம் குடுத்தே. நான் ஒண்ணும் குருடன் இல்ல. ஆனா இது நீ குடுத்தது இல்லடே. நீ குடுக்காதத நீ எதுக்கு எடுக்கே?"

திருமேனி மேலே திரும்பிப் போகவில்லை. கேட்டைத் திறந்து வெளியே வந்து அண்ணன் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றார். சுடலைக்கண்ணுவும் போகவில்லை. நிழல் நகராத அந்த மணி முழுவதும் இருவரும் ரோட்டோரத்தில் நின்றார்கள். முடிவதற்குச் சற்று முன்னால் திருமேனி, இடது மாடு நொண்டுகிறதாமே என்று கேட்டார். லாடம் தேய்ந்துவிட்டது என்றார் சுடலைக்கண்ணு. இரண்டாவது நாலு அடித்ததும் தம்பி என்று ஒருவன் நிற்பதையே அறியாதவர்போல நடந்துபோனார்.

மறுநாள் சும்மா மணியில் மெஷின் ஓடவில்லை. கிர்தர்லால் கோபப்படாமல், வருத்தத்தோடு, ஓசூரில் அஸ்திவாரம் போட்டார். ஊரில் எல்லோரும் திருமேனியைக் கொண்டாடிவிடவில்லை. வேலைக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு மகன்களைத் திருப்பூருக்கு அனுப்பி வைத்த ஒரு தாய், ஒரு நாள் சும்மா மணியில் அவர் வீட்டு முற்றத்துக்கு வந்து, மணி முழுவதும் உட்கார்ந்து ஏசினாள். திருமேனி எதிரே உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். போகும்போது உலகம்மாள் கொடுத்த மோரை அவள் குடித்துவிட்டுத்தான் போனாள்.

அன்றிலிருந்து தினமும் முதல் நாலு அடித்ததும் திருமேனி கம்பெனியிலிருந்து இறங்கி, மிளகாய்க் காட்டு வரப்பில் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்வார். வீட்டுக் கிணற்றுக்குப் படி இருபத்திரண்டா இருபத்துநாலா என்று நாலு நாள் வாதாடினார்கள். அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று இவர் கேட்க, அவர் பேசிக் காட்டினார். இரண்டாவது நாலு அடித்தால் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுச் சுடலைக்கண்ணு மாட்டுப் பக்கம் திரும்பிக்கொள்வார். மறுநாள் அந்த மீதி வார்த்தையிலிருந்து தொடங்குவார். ஏழு வருஷம் இப்படி. அந்த ஏழு வருஷத்தில் அவர்கள் பேசாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். திறப்பு விழா அன்று நடந்ததை இருவரும் தொடவில்லை. திருமேனிக்கு நாக்கு நுனிவரை வரும். ஆனால் எந்தக் காலத்திலும் சேராத மணியில் சொல்லுகிற மன்னிப்பு எதில் சேரும் என்று விழுங்கிவிடுவார். மற்ற நேரத்தில் சொல்லலாமென்றால் மற்ற நேரத்தில் பேச்சே இல்லை.

எட்டாம் வருஷம் வைகாசியில் சுடலைக்கண்ணுவுக்கு நெஞ்சுவலி வந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு நாள். திருமேனி ஊரையும் கம்பெனியையும் விட்டு அண்ணன் கட்டிலருகிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் இறங்காத சோறு பன்னிரண்டு நாளும் இறங்கியது. அங்கே நாலுக்குப் பிறகு நாலு ஒன்று, நாலு இரண்டு என்று சாதாரணமாகத்தான் நேரம் போனது. எனவே இருவரும் பேசவில்லை. அண்ணன் தண்ணீர் வேண்டுமென்றால் உலகம்மாளிடம் கேட்பார், தம்பி எடுத்துக் கொடுப்பார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இதயம் ரொம்ப நாள் தாங்காது என்று பெரிய டாக்டர் சொன்ன அன்று, சுடலைக்கண்ணு உலகம்மாளைக் கூப்பிட்டு, நாலு மணிக்குள்ள ஊருக்குப் போயிரணும்மா என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. திருமேனி ஊருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் வேன் பிடித்தார்.

வேன் நன்றாகத்தான் வந்தது. ஊருக்கு இரண்டு பர்லாங்கு முன்னால் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நாலாக ஆறு நிமிஷம் இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம், எல்லைக்கல்லை ஒட்டி ஊரே கூடி நின்றது தெரிந்தது. இசக்கியம்மாள் முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். ரயில் வந்தது. சரக்கு ரயில். ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்தது. தன் கையில் கட்டியிருந்த தன் ஊர் வாட்சைத் திருமேனி ஒவ்வொரு நொடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிப் பெட்டி போய், கேட்டை இன்னும் தூக்காத நேரத்தில், கண் இமைத்துத் திறப்பதற்குள் அது நடந்தது. நின்றுகொண்டிருந்த ஊர் உட்கார்ந்திருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் அதுவரை இல்லாத ஒரு தார்ப்பாய்ப் பந்தல் நாலு கம்பில் நின்றது. பிள்ளைகள் மடியில் தூங்கிப்போயிருந்தார்கள். தண்ணீர் டிரம் வந்து, அதிலும் பாதி தீர்ந்திருந்தது. இசக்கியம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தாள். அவர்களுக்காக ஊர் ஒரு மணி நேரம் முழுவதும் காத்திருந்து முடித்துவிட்டது என்று வேனில் இருந்தவர்களுக்குப் புரிந்தது.

உலகம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சுடலைக்கண்ணு கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் அப்படிச் சொல்லத் தைரியம் வந்திருக்காது.

திருமேனி வாட்சிலிருந்து கண்ணை எடுத்தார். நாலு மணி மூன்று நிமிஷம், உலகம் முழுவதற்கும்.

"அண்ணே" என்றார். "அன்னைக்கு கேட்டுல ஒங்களப் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் மேடையில உக்காந்திருந்தேன். எந்திரிச்சு வந்திருக்கணும். வரல."

டிரைவர் இஞ்சினை அணைத்தார். சுடலைக்கண்ணு கண்ணைத் திறந்தார்.

"நீ பாத்தது எனக்குத் தெரியும்டே" என்றார். "பாக்கலண்ணேன்னு ஒரு பொய்யச் சொல்லிப்புடுவியோன்னு பயந்துதான் இத்தன வருசம் பேச்சே குடுக்காம இருந்தேன்."

திருமேனி அண்ணனின் பாதத்தைப் பிடித்தபடி குனிந்திருந்தார். கேட்டைத் தூக்கினார்கள். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். டிரைவர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார், முதலாளி நிமிரக் காணோம், எனவே தானாகவே வண்டியை எடுத்தார். எல்லைக்கல்லைத் தாண்டும்போது ஊர் எழுந்து நின்றது. மாட்டுக்கு யார் தண்ணி காட்டுனது, இடது மாடு தவிடு தின்னுதா என்று சுடலைக்கண்ணு தம்பியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது திறந்த ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கேட்டது. நாலு பத்துக்கு, பட்டப்பகலில், பஞ்சாங்கத்தில் உள்ள நேரத்தில்.

அதற்குப் பிறகு சுடலைக்கண்ணு நாலு மாதம் இருந்தார். அண்ணனும் தம்பியும் விடியற்காலையில் பேசினார்கள், சாப்பாட்டு நேரத்தில் பேசினார்கள், விளக்கு வைத்த பிறகும் பேசினார்கள். இத்தனை வருஷப் பேச்சையும் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. சும்மா மணி வந்தால் மட்டும் வேப்பமரத்தடியில் இரண்டு கயிற்றுக் கட்டிலை ஒட்டிப் போட்டு, நகராத நிழலில், இருவரும் நன்றாகத் தூங்கினார்கள்.